பச்சை வட்டத்துக்குள் இல்லாதவர்

தையற்கடையில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷம் ஒரே பக்கமாகக் குனிந்ததில் வலது தோளில் ஒரு வலி வந்து குடியேறியது. ஒன்பது வருஷமாகியும் காலி செய்யவில்லை. ஊசி, மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவள் கணவருக்கு மட்டும் வராமலே தெரிந்தது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். மூளைக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த மருத்துவமனையை விசாரித்து அழைத்துப் போனவரும் அவர்தான்.

தலையில் பசை தடவி நாலு ஒயரை ஒட்டினார்கள். எதிரே திரையில் ஒரு வட்டம். மூளை அமைதியானால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

“எதை நினைக்கணும்னு நான் சொல்லக்கூடாதுக்கா,” என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண். “எதுல பச்சை வருதோ அதைப் பிடிச்சுக்குங்க. வலி தானா குறையும்.”

கடலை நினைத்தாள். சிவப்பு. மகளின் சின்ன வயதுச் சிரிப்பை நினைத்தாள். அதற்கும் சிவப்பு. ஐந்தாவது வாரம் சலித்துப்போய் மனசை அதன் போக்கில் விட்டாள். வீடு தெரிந்தது. வாசலில் கணவர் செருப்பு இல்லை. கொடியில் அவர் சட்டை இல்லை. அப்படி ஒருவர் இருந்ததற்கே அடையாளம் இல்லை.

வட்டம் பச்சையானது. தோள் லேசானது. அவருக்கு ஒரு கெடுதலும் நினைத்தவளில்லை அவள். ஆனால் மூளைக்கு ஏது நன்றி விசுவாசம்?

தினமும் இருபது நிமிஷம் வீட்டில் பழகச் சொன்னார்கள். வேறு எதை எதையோ நினைத்துப் பார்த்தாள். மறுநாள் கடையில் கையைத் தூக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் கண்ணை மூடி, மனசுக்குள் அவர் செருப்பை அகற்றினாள், சட்டையை அகற்றினாள். மூன்றே மாதத்தில் பழைய வேகம் வந்துவிட்டது.

வீட்டில்தான் ஏதோ சரியில்லை. அவர் மூன்று தடவை கூப்பிட்டால்தான் அவள் காதில் விழுந்தது. ஒருநாள் கூடத்தில் அவர்மேலேயே மோதிக்கொண்டு, “யாரு?” என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பயிற்சி முடித்து வந்து, தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். பாதியில் எதிர் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“எனக்கு ஒரு தட்டு வைக்கலையாம்மா?”

அவள் வருவதற்கு முன்பிருந்தே அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

“இப்ப வலிக்குதா?” என்று அவர் கேட்டார்.

“இல்லைங்க.”

“அப்ப விடு. நானே எடுத்துக்கறேன்.”

அவர் எழுந்து உள்ளே போனார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டாள். சமையலறையில் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. என்னைத் தவிர இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள்.