கொடுக்கனின் மூக்குக்கண்ணாடி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தேய்ப்பவர் அவர். கடையில் எல்லோருக்கும் லென்ஸ்காரர். ஐம்பத்து மூன்று வயதிலும் காமிக்ஸ் படிப்பார். அதுவும் நாயகனுக்காக அல்ல, கொடுக்கன் என்ற வில்லனுக்காக. கடையில் மிஞ்சுகிற லென்ஸ் உறைகளின் பின்பக்கமெல்லாம் அவனைத்தான் வரைந்து வைத்திருந்தார்.

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பொம்மைப் புத்தகம்!" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அந்தப் படங்களை அலைபேசியில் பிடித்து ரசிகர் குழுவில் போடுபவளும் அவள்தான்.

கொடுக்கன் செய்த அக்கிரமங்களிலேயே பெரியது நாற்பத்தொன்றாம் இதழில் இருந்தது. பழைய சிநேகிதன் ஆற்றில் மூழ்குகிறான். பத்தடி தள்ளி நின்று, விரலைக்கூட அசைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான் இவன். கல்நெஞ்சக்காரன் என்று ரசிகர் கூட்டம் அன்றே முத்திரை குத்திவிட்டது.

லென்ஸ்காரரின் கண் போனது அவனுடைய மூக்குக்கண்ணாடி மேல். கிட்டப்பார்வைக்காரர்களை எதிரில் நின்று பார்த்தால், தடித்த லென்ஸ் வழியே அவர்கள் கன்னத்தின் ஓரம் உள்வாங்கித் தெரியும். ஓவியர் கெட்டிக்காரர், இதழுக்கு இதழ் கொடுக்கனின் கன்னக் கோட்டை உள்ளே தள்ளித்தான் போடுவார். ஆற்றுப் படத்தில் மட்டும் கோடு நேராக இறங்கியிருந்தது. அப்படியென்றால் அது பவரே இல்லாத வெறும் கண்ணாடி! எவனோ மாற்றி வைத்துவிட்டான்! பாவம், கொடுக்கனுக்கு ஆறே தெரிந்திருக்காது.

அன்றே வரைந்தார். மங்கலான தண்ணீருக்கு முன்னால், கையால் காற்றைத் துழாவிக்கொண்டு நிற்கிற கொடுக்கன். குழு அல்லோலகல்லோலப்பட்டது. அவனுக்குள் இவ்வளவு ஆழமா என்று ஆளாளுக்கு உருகினார்கள். லென்ஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவி மட்டும் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, காகிதத்துல இருக்கிறவனுக்கு இவ்வளவு யோசிச்சீங்களே. உங்க தம்பிக்கு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

சுருக்கென்றது. நான்கு வருடத்துக்கு முன்பு, அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்த நாள். மருத்துவமனைப் படிக்கட்டின் கீழே இவர் தனியாக நின்றிருந்தார். மேலிருந்து இறங்கி வந்த தம்பி இவர் முகத்தை நேராகப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிப் போய்விட்டான். அன்றோடு பேச்சு அறுந்தது. அவள் பிழைத்து வந்தாள். அதைச் சொல்லக்கூட இவர் அவனைக் கூப்பிடவில்லை.

ஒருவேளை அவனுக்கும் கண் தெரியவில்லையோ? ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டவர், கூடப் பிறந்தவனின் கண்ணைப் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை போன் செய்தார். "கடைக்கு வா. கண்ணு டெஸ்ட் பண்ணணும்."

தம்பி மறுபேச்சில்லாமல் வந்தான். லென்ஸ்காரர் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்துப் பலகையைக் காட்டினார். தெரியவில்லை என்று சொல்லிவிடு என்று மனம் கெஞ்சியது. அவன் கடைசி வரி வரை கடகடவென்று படித்தான். அடுத்த கண்ணிலும் அப்படியே. கடைசியாக, பலகையின் அடியில் நிறுவனத்தின் பெயர் அச்சடித்த பொடி எழுத்தையும் சேர்த்துப் படித்து வைத்தான், பாவி.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார் இவர். "அப்போ அன்னைக்கு என்னைப் பாத்தியா?"

என்றைக்கு என்று தம்பி கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பாத்தேண்ணே. நீ அழுதுக்கிட்டு இருந்த. உன்னை அப்படி நான் பாத்ததே இல்லை. கிட்ட வந்து என்ன சொல்றதுன்னு தெரியலை, கால் பாட்டுக்குப் போயிடுச்சு. தெருமுனை வரைக்கும் போய் அரைமணி நேரம் நின்னேன். அப்புறம் திரும்பி வர வெக்கமா இருந்துச்சு. நாலு வருஷமா அந்த வெக்கம்தான்."

கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று லென்ஸ்காரருக்குத் தெரியவில்லை. கையில் இருந்த லென்ஸைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

மாலை வீட்டுக்குப் போனால், குழுவில் ஓவியரே பதில் போட்டிருந்தார். அந்தக் கோடு அவசரத்தில் விட்டுப்போனதாம், வேறு காரணம் எதுவும் இல்லையாம், மன்னிக்க வேண்டுமாம். கொடுக்கனுக்கும் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

இன்னொரு உறையை எடுத்து, அதே ஆற்றை, அதே கொடுக்கனை மறுபடி வரைந்தார். கன்னக் கோட்டை இந்த முறை சரியாக உள்ளே தள்ளிப் போட்டார். எல்லாம் தெளிவாகப் பார்த்துக்கொண்டு, கால் நகராமல் நின்றான் அவன். அந்த முகத்தை எப்படிப் போடுவதென்றுதான் விளங்கவில்லை. காலையில் நாற்காலியில் பார்த்த முகத்தை நினைத்து நினைத்துப் போட்டார்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "கடைசியில இவன் நல்லவனா, கெட்டவனா?"

"தெரியலை," என்றார் லென்ஸ்காரர். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றான்."