இருநூற்று நாற்பது எழுத்துக்கு மேல்

எங்கள் நில வரைபடக் காப்பகத்தில் அவளைத் திருகாணி என்று கூப்பிடுவார்கள். கொண்டையில் ஊசிக்குப் பதில் சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றைச் செருகியிருப்பாள். வயது நாற்பத்தாறு. பதினாறு கணினிகளையும் ஒப்பந்த வேலையில் பார்த்துக்கொண்டாள். முகத்தைப் பார்ப்பது அரிது. பெரும்பாலும் ஏதாவது மேசைக்கு அடியிலிருந்து குரல்தான் வரும், அதுவும் சிரிப்போடு வரும்.

வரைபடங்கள் எல்லாம் பக்கத்துக் கட்டடத்திலுள்ள பெரிய கணினியில் இருந்தன. அவற்றை எங்கள் மேசையிலேயே இருப்பதுபோல் காட்டும் இணைப்பு மென்பொருளை ஒரு நிறுவனம் கொடுத்திருந்தது. அதன் ஒரு பகுதிக்கு டிரைவர் என்று பெயர். அது கணினியின் உள்மையமான கர்னலுக்குள்ளேயே, யாருக்கு என்ன அனுமதி என்று முடிவாகும் இடத்திலேயே, உட்கார்ந்து வேலை செய்யும். திருகாணியின் கணவர் பேருந்து ஓட்டுநர். "வீட்ல ஒரு டிரைவர், இங்க ஒரு டிரைவர். ரெண்டும் நான் சொன்னா கேக்காது" என்பாள்.

அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்த பத்தொன்பது வேலை நாள்களில் கணினிகள் முப்பத்தொரு முறை நீலத் திரை காட்டிப் படுத்தன. நிறுவனத்தார் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: கேபிள் போட்டது சரியில்லை. கேபிள் போட்டவள் திருகாணி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நிறுவனத்தின் பொறியாளர் வருவார், அவரும் கேபிள்தான் என்று சொன்னால் ஒப்பந்தம் அவர்களுக்கே போய்விடும் என்று மேலாளர் அவளிடம் சொன்னார். அன்று மட்டும் மேசைக்கு அடியிலிருந்து சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை காலை என் பதிவேட்டைக் கேட்டாள். கணினி விழுந்த ஒவ்வொரு தடவையையும் நான் எழுதி வைத்திருந்தேன்: தேதி, மணி, எந்தக் கணினி, அப்போது திறந்த கோப்பின் தலைப்பு. எங்கள் காப்பகத்தில் தலைப்பைச் சுருக்கக் கூடாது என்பது விதி. தெரு, மனை எண், நான்கு எல்லைகள், அளந்தவர், சரிபார்த்தவர், திருத்தியவர் எல்லாம் தலைப்பிலேயே இருக்க வேண்டும். உலகில் வேறு யாரும் ஒரு கோப்புக்கு இப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள் என்று திருகாணி பலமுறை தலையில் அடித்துக்கொண்டதுண்டு.

தரையில் சம்மணமிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணினாள். விழுந்த முப்பத்தொன்றும் இருநூற்று நாற்பது எழுத்தைத் தாண்டியவை. தாண்டாதது ஒன்றுகூட விழவில்லை. அந்த டிரைவர் தலைப்புக்கு இருநூற்று நாற்பது எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, வருவது எவ்வளவு நீளம் என்று பார்க்காமலேயே உள்ளே கொட்டியிருக்கிறது. மிஞ்சியது பக்கத்து இடத்தில் வழிந்து அங்கிருந்ததை அழித்திருக்கிறது.

பிறகு என் கடைசிப் பத்தியில் அவள் விரல் நின்றது. ‘விழாதவை’ என்ற பத்தி அது.

"ஐயா, இது என்ன? இருநூத்தி அம்பத்திரண்டு எழுத்து, ஆனா விழலைன்னு போட்டிருக்கீங்க?"

"விழலையேம்மா. பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு மேலாளரோட விடுப்புக் கோப்பு தானா திறந்துச்சு. மூடிட்டேன். கெடுதல் ஒண்ணும் நடக்கல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். என்னுடையது சாதாரண எழுத்தர் கணக்கு; அந்தக் கோப்பை அது தொடவே முடியாது. வழிந்த எழுத்துகள் சரியாக அனுமதி எழுதியிருக்கும் இடத்தில் போய் விழுந்து, என்னைக் கணினிக்கே உடைமையாளன் ஆக்கியிருந்தன. பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறையை இரண்டு சுற்றுச் சுற்றினாள். மேலாளர் எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன், அப்போது எனக்குத் தெரியவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை பொறியாளர் மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு வந்து, நேராகக் குனிந்து கேபிளைப் பார்த்தார். திருகாணி அவருக்கு நாற்காலி போட்டாள். எட்டாம் கணினியை அவரே தமது கடவுச்சொல்லால் பூட்டிக்கொள்ளட்டும், எந்தக் கோப்புக்கும் உரிமையில்லாத விருந்தாளிக் கணக்கு ஒன்றை மட்டும் தனக்குத் திறந்து தரட்டும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே செய்தார். அவள் அந்த இருநூற்று ஐம்பத்திரண்டு எழுத்துத் தலைப்பை, நான்கு எல்லைகளோடும் திருத்தியவர் பெயரோடும், எழுத்து பிசகாமல் தட்டினாள். பிறகு அவர் பூட்டிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து வரிசையாக வைத்தாள்.

பொறியாளர் சிரிப்பை நிறுத்தி நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"மேடம், இதை இன்னொரு தடவை செய்யுங்க."

"செய்யறேன் சார். அதுக்கு முன்னாடி கேபிளைப் பாத்துடலாமா?"

மேலாளர் இருமினார். அந்த இருமலுக்குள் சிரிப்பு இருந்ததை நானும் கேட்டேன்.

திருத்தம் வரும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று நிறுவனத்தார் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். இருபத்து மூன்றாம் நாள் திருத்தம் வந்தது. கூடவே வந்த குறிப்பின் கடைசி வரியில் ஓட்டையைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்டதற்கு அவள் திருகாணி என்றே சொல்லியிருந்தாள். ஒப்பந்தம் அவளிடமே இருந்தது. அவள் கணவர் அந்தக் குறிப்பை அச்செடுத்து, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். ஏறுகிற எல்லோருக்கும் விளக்கம் சொல்வதால் வண்டி தாமதமாகிறதாம்.

திருத்தம் போட்டதும் எங்களிடமிருந்த ஆக நீளமான தலைப்பைத் திறக்கச் சொன்னாள். அறுநூற்றுப் பதினான்கு எழுத்து. தட்டி முடித்தேன். வரைபடம் அமைதியாகத் திறந்தது.

திருகாணி சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள். மூன்றரைச் சுற்று. கொண்டையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் பறந்து மேலாளர் அறைக் கதவில் பட்டது. மணி நான்கு பதினேழு. ‘விழாதவை’ பத்தியில் எழுதிக்கொண்டேன்.