விழித்திரையின் ஓரம்

மகள் பிறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, மூச்சு சீரான பிறகு சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்தாள். பிழைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து முடித்த வாரத்தில்தான் கண் பரிசோதனை.

இமைகள் மூடாமலிருக்க ஒரு சிறு கம்பியை மாட்டி, டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். விழித்திரையின் ஓரத்துக்கு ரத்தக்குழாய்கள் போய்ச் சேரவில்லை, பாதி வழியில் நின்று கண்டபடி முளைக்கின்றன, விட்டால் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும் என்றார். ரத்தம் போகாத ஓரத்தை லேசரால் சுட்டுவிட வேண்டும். இரண்டு நாளுக்குள்.

என் கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்ததும், "லேசரா? எங்க பக்கத்து யூனிட்ல அதுலதான் இரும்புத் தகடு அறுக்கறாங்க. இவ கண்ணுலயா?" என்றார்.

நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிறவள். வேறு வழி இருக்கும் என்று பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். இருந்தது. ரத்தக்குழாயை வளரச் சொல்லி ஒரு மரபணு கட்டளை அனுப்புகிறது. சின்னதாய் ஓர் ஆர்.என்.ஏ. துண்டைக் கண்ணுக்குள் செலுத்தினால், அந்தக் கட்டளை நிறைவேறும் முன்பே அழிந்துவிடும். மரபணுவை மௌனமாக்குவது என்று எழுதியிருந்தார்கள். வெளிநாட்டில் வயதானவர்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வயதானவர்களிடம் என்ற வரியைப் படித்தேன். படித்தும் பிரிண்ட் எடுத்தேன்.

கணவர் அந்தத் தாள்களைக் கீழே வைக்கவில்லை. "ஒரு ஊசி. சூடு கிடையாது. நீயே படிச்சுச் சொன்னதுதானே?" என்றார். அது நடக்காது என்று அவரிடம் சொல்லவும் முடியவில்லை, நடக்கும் என்று நம்பவும் முடியவில்லை.

மறுநாள் காலை ஆட்டோவில் கிளம்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் தண்ணி லாரி, பின்னால் பஸ். ஒரு மின்சார ரயில் போனது. கேட் திறக்கவில்லை.

"எதிர்ல இன்னொரு வண்டி வந்துகினு கீது சார்," என்றார் ஆட்டோக்காரர். "இந்த கேட்டு நம்ம மாமனார் மாதிரி. இன்னா கெஞ்சினாலும் மனசு எறங்காது."

கணவர் சிரிக்கவில்லை. "சுத்திப் போக வழி இருக்கா?"

"பின்னாடி பஸ்ஸு நிக்குது. பறந்துதான் போவணும்."

குழந்தை என் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூடிய இமைகளுக்குள் இந்த நிமிடமும் அந்த ரத்தக்குழாய்கள் வளர்கின்றன என்ற நினைப்பில் எனக்கு வியர்த்தது.

டாக்டர் தாள்களைப் பொறுமையாகப் படித்தார். "நல்ல யோசனைதான் மேடம். ஆனா இன்னும் சோதனைலதான் இருக்கு. கிடைச்சாலும் இவளுக்குப் போட எனக்குத் தைரியம் வராது."

"ஏன் டாக்டர்?" என்றார் கணவர்.

"கண்ணுல போடற மருந்து கொஞ்சமாவது ரத்தத்துல கலக்கும் சார். பாப்பாவுக்கு நுரையீரல், மூளை, கிட்னி எல்லாம் இன்னும் வளருது. அதுக்கெல்லாம் இதே ஜீன்தான் வேலை செய்யணும். கண்ணுல வாயை மூடுன்னா, அங்கயும் மூடிக்கிட்டா?"

அவள் பார்வையைப் பறிக்கப் பார்ப்பதும் அவளை வளர்ப்பதும் ஒன்றேதான்.

"சுட்டா பார்வை போகாதா?" கணவர் விடவில்லை.

"ஓரத்துல கொஞ்சம் போகும். நடுவுல நிக்கும்னு நம்பறோம். சுடாம விட்டா மொத்தமும் போயிடலாம் சார்."

கணவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

அவர் கையிலிருந்து தாள்களை வாங்கி, மடித்துப் பைக்குள் போட்டேன். "சுடட்டுங்க," என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. கனமான கண்ணாடி போட்டிருக்கிறாள். பக்கவாட்டில் சைக்கிள் வந்தால் சற்றுத் தாமதமாகத் திரும்புகிறாள். அந்த மருந்து பிறகு என்ன ஆயிற்று என்று நான் தேடவில்லை. ஆனால் தலை வாரும்போது அவள் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு விரலையோ இரண்டு விரலையோ மெல்ல முன்னால் கொண்டுவருகிறேன், எந்த இடத்தில் தெரிகிறது என்று பார்க்க. வேண்டாம் என்று நினைத்தாலும் கை போய்விடுகிறது.

நேற்று வலது பக்கம் கொண்டுவந்தபோது அவள் திரும்பாமலே சொன்னாள். "ரெண்டு விரல். போதுமா? பின்னிவிடும்மா, வேன் வந்துரும்."

"போதும்டி," என்று பின்னத் தொடங்கினேன். இடது பக்கம் இன்னும் பார்க்கவில்லை.