சாயங்காலம் மட்டும் எரியும் விளக்கு

போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. என் காரும் ஊர்ந்தது. திடீரென்று டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு... செக் இன்ஜின் லைட். மறுபடியும்!

உங்கள் காரில் அது எரிந்திருக்கிறதா? அப்படியானால் அந்த எரிச்சல் உங்களுக்கும் தெரியும். ஒரேயடியாக எரிந்து தொலைத்தாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். இது ரெண்டு நாள் விட்டு விட்டு எரியும். அப்புறம் தானே அணைந்துவிடும். அப்பாடா என்று இருந்தால் அடுத்த வாரம் திரும்ப வந்து நிற்கும்.

கார் பழசுதான். எங்களிடம் வருவதற்கு முன்பே கை மாறி கை மாறி வந்தது. ஆனால் எனக்கு அது லேசுப்பட்ட வண்டி இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் லைனுக்கு நான் சூப்பர்வைசர். வேலூரிலிருந்து தினமும் போய் வருகிறேன். வருஷக்கணக்கில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவள், நாற்பதைத் தாண்டி டிரைவிங் கற்றுக்கொண்டு, என் சம்பளத்தில் வாங்கிய கார். ஸ்டியரிங் பிடித்தால் எனக்கு ராணி என்று நினைப்பு. இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? வித்துடலாம். ஞாயித்துக்கிழம வாலாஜாபேட்டையிலேருந்து புரோக்கர் வர்றாரு, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாராம்! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதாவது, திங்கட்கிழமை முதல் நான் பழையபடி பஸ்ஸில் தொங்க வேண்டும்.

எங்கள் மெக்கானிக் அன்வர் பாய் கெட்டிக்காரர், நியாயமானவரும்கூட. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. "காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மினு காட்டுது மேடம்." ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். விளக்கு வந்தது. ஸ்பார்க் பிளக் மாற்றினார். வந்தது. இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்... வந்தது.

"நீங்க கொண்டாரும்போதெல்லாம் வண்டி நல்லாத்தான் ஓடுது. இல்லாத நோவுக்கு நான் எப்டி மருந்து குடுக்கறது?" என்று அவர் கைவிரித்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சோல் பிரிந்து ஒரு ஷூ ரிஜெக்ட் ஆனால் எங்கள் லைனில் என்ன செய்வோம்? எடுத்த எடுப்பில் எதையும் மாற்ற மாட்டோம். எப்போது ஒட்டினது, எந்த மிஷின், எவ்வளவு சூடு என்றுதான் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியை ஏன் காரிடம் கேட்கவில்லை?

கேட்டேன். விளக்கு வருவது எப்போதும் சாயங்காலம். அதுவும் நெரிசலில் ஊர்ந்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு. பாயிடம் நான் வண்டியை விடுவது? விடிந்ததும், ராத்திரி முழுக்க ஆறிப்போன வண்டியை!

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. டோலில் விளக்கு எரிந்தபோது லேசாக ஒரு வாசனை... சொல்யூஷன் வாசனை. ஷூ ஒட்டுகிற பசையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நாள் பூரா அதுலயே நிக்கிற. ஒன் பொடவையிலேருந்து வந்திருக்கும்" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம்! சொல்யூஷன் வாசனை எனக்கா தெரியாது? ஈரமாக இருந்தால் ஒரு வாசனை. காய்ந்ததைச் சூட்டில் காட்டினால் வேறு வாசனை. எங்கள் லைனில், சோலில் தடவிக் காய்ந்த சொல்யூஷனை ஹீட்டரில் விட்டுத்தான் எடுப்போம். சூட்டில் அது இளகும். ஆறினால் இறுகும். என் கார் விளக்கின் கதையும் அதுதானே?

சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக அன்வர் பாய் ஷெட்டுக்கு ஓட்டினேன். நான் தோற்பதைப் பார்க்க வீட்டுக்காரரும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாய், ஆஃப் பண்ணாதீங்க. சூடா இருக்கும்போதே பாருங்க."

பானெட்டைத் திறந்தார். குனிந்து மோந்து பார்த்தேன். இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாய் பக்கம்தான் வாசனை. "இங்க பாருங்க பாய்!" அவர் கிளீனர் ஸ்பிரேயை அந்தக் குழாய்க்கு அடியில் அடித்தார். ஓட்டை இருந்தால் அதை இன்ஜின் உள்ளே இழுக்கும். இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. பாய் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

ஆறவிட்டுக் குழாயைக் கழற்றினால்... அடியில் ஒரு ஒட்டு! ரப்பர் இல்லை, தோல். ஓரத்தைக் காகிதம் மாதிரி சீவி, கறுப்புச் சாயம் பூசி, குழாயின் மடிப்புக்கு மடிப்பு பிசகாமல் ஒட்டியிருந்தது. சூட்டில் ஒரு பக்கம் வாய் திறந்து, அளவுக்கு மீறி காற்று உள்ளே போயிருக்கிறது. ஆறினால் திரும்ப மூடிக்கொள்ளும்.

"அட, கம்பெனிலேருந்து வந்த பைப்பே இப்டித்தான்னு இல்ல நெனச்சேன்!" என்றார் பாய்.

தோல் கம்பெனிகள் நிறைந்த நம் பக்கத்து வேலை, வேறென்ன? பிளாஸ்டிக் வாளி, ஸ்கூல் பேக், சோபா எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே மருந்து சொல்யூஷன்தான். முன்பு வைத்திருந்த யாரோ, குழாயில் கிழிசலைப் பார்த்ததும் ஷூ கம்பெனித் தோல் துண்டைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார். பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை மட்டும் யோசிக்கவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குப் பெருமை பொங்கியது. என்ன ஒரு கை!

"எந்த மகராசன் பண்ணானோ... கெடச்சா நாலு கேக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

"கெடச்சா சொல்லுங்க. என் லைன்ல சேத்துக்கறேன்."

புதுக் குழாய் மாட்டியாயிற்று. பாவம், அந்த ஆக்சிஜன் சென்சார்! உண்மையைச் சொன்னதற்காக அதைத்தான் முதலில் கழற்றி எறிந்தோம். குறை இருக்கிறது என்று சொல்கிறவரை மாற்றிவிட்டால் குறை போய்விடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை... வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி.

அன்று ராத்திரியே வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஏசியைப் போட்டு, டோல் வரிசையில் வேண்டுமென்றே ஊர்ந்தேன். விளக்கு எரியவில்லை. அவர்தான் டேஷ்போர்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், காது மட்டும் வாசலில்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றது வீட்டுக்காரர் குரல். "ஓனரம்மா குடுக்க மாட்டேன்றாங்க."

"ஓனரம்மாவா? யாருங்க அது?"

"உள்ள தோசை ஊத்திட்டு இருக்காங்க. மெக்கானிக்குக்கே புடிபடாத ரிப்பேர அவங்கதான் கண்டுபுடிச்சாங்க. இனிமே நான் இன்னா சொல்ல முடியும்?"

தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றுவிட்டேன். சந்தோஷத்தில், கல்லில் தோசை கருகியதுகூடத் தெரியவில்லை.

காரின் ஆர்.சி. புக்கில் ஓனர் என்று இருப்பது அவர் பெயர்!