கலவை இல்லாத மூணடி வீடு

என் கொழுந்தன் வேல்சாமி பொம்மைக் கல் வாங்கக் குற்றாலத்துக்குப் போகவேண்டும் என்று சொன்னபோது அவனுக்கு வயது நாற்பத்தாறு. வீட்டில் விளையாடுகிற வயதில் யாரும் கிடையாது. முதுகில் பட்ட அடி மூளையிலும் பட்டுவிட்டதா என்று நான் அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

அவன் கொத்தனார். தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் அவன் எழுப்பிய சுவர்கள் நிற்கின்றன. போன வருஷம் கீழப்பாவூரில் சாரம் சரிந்து விழுந்தான். நாலு மாசம் படுக்கை. இப்போது நடக்கிறான், ஆனால் ஏணி ஏற முடியாது. ஏறாத கொத்தனாரை எவன் கூப்பிடுவான்? அவன் பெண்டாட்டி முத்துசெல்வி சுற்றுகிற பீடியில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

அந்தச் சமயத்தில் முகம்மது மீரான் துபாயிலிருந்து வந்தார். குற்றாலம் ரோட்டில் மனை வாங்கிப் போட்டிருந்தார். முன்பு அவர் வீட்டு அடுப்படியை இடித்துக் கட்டிக் கொடுத்தவன் வேல்சாமி. அந்தப் பழக்கத்தில் போய், புது வீட்டுக் காண்ட்ராக்டைத் தனக்கே தரும்படி கேட்டான். ஆள் வைத்துக் கட்டுவேன், கீழே நின்று பார்த்துக்கொள்வேன் என்றான். மீரான் மறுக்கவில்லை. திருநெல்வேலி இன்ஜினீயர் ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார். மீரானின் மனைவி சஃப்ரினுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்குப் புரிகிற மாதிரி நீங்கள் காட்டுங்கள், பிறகு பேசுவோம் என்று பதினைந்து நாள் கொடுத்தார்.

வேல்சாமிக்குப் படம் போட வராது, கல் அடுக்கத்தான் வரும். அதனால்தான் பொம்மைக் கல், பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்றை அமுக்கி விளையாடுகிற பிளாஸ்டிக் கல். மூணடி நீளத்தில் மாடியோடு வீடு என்றால் நாலாயிரம் கல்லாவது வேண்டும் என்றான். தென்காசிக் கடையில் விசாரித்தோம். கார் படம் போட்ட பெட்டி ஒன்றின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் காய்கறி வாங்கலாம். உள்ளே அவனுக்கு ஆகிற கல் ஐம்பதுகூடத் தேறாது. மிச்சமெல்லாம் சக்கரமும் குட்டி மனுஷனும்.

சாரல் ஓய்ந்து சீசன் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். பேரருவிப் பக்கம் பொம்மைக் கடை போட்டிருந்த சங்கிலிப்பாண்டியிடம் நனைந்த சரக்கு கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வேல்சாமியால் மூட்டை தூக்க முடியாது, அதனால் நானும் போனேன்.

“அட்டையெல்லாம் பூசணம் பூத்துக் கெடக்கு அண்ணாச்சி. இத அடுத்த சீசனுக்கு யாரு தலையில கட்டப் போறீரு?” என்றேன்.

“நீங்க வாயாலயே ரெண்டு மாடி எழுப்பிருவீங்க போலுக்கே” என்றார். ஆனாலும் பெட்டியைப் பிரித்துக் கொட்டி, எடை போட்டுக் கொடுத்தார்.

அது பாதிக்குத்தான் காணும். மீதிப் பாதி செங்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. பார்வைக்கு அதே வெள்ளை, அதே எட்டுக் குமிழ். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அமுக்கினால் பிடிக்கவும் செய்தது. ஒரே கம்பெனியா என்று நான் கேட்கத்தான் செய்தேன்.

“ஒரு சூளைக்கும் இன்னொரு சூளைக்கும் கல்லு நூலளவு கூடக் கொறைய இருக்கும் மயினி. அத கலவையில சரிகட்டிக்கிடலாம்” என்றான் வேல்சாமி.

முப்பது வருஷம் செங்கல் பிடித்த கை பேசியது. நானும் மண்டையை ஆட்டினேன். பொம்மைக் கல்லுக்கு ஏது கலவை என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

இரண்டு சூளைக் கல்லைக் கலந்து அடுக்கினால்தான் சுவரில் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியாது என்பது அவன் தொழிலில் கற்றது. இங்கேயும் அப்படியே இரண்டு மூட்டையையும் கலந்தான். முத்துசெல்வி பீடி சுற்றுகிற முறமான சுளகில் கல்லைப் போட்டு, நீளமும் குட்டையும் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். கீழ்த்தளம் வரை ஒரு கோளாறும் தெரியவில்லை. மாடிச் சுவர் ஏறும்போது முன்பக்க மூலை வாயைப் பிளந்தது. இங்கே அமுக்கினால் அங்கே தெறித்தது. தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தான். சுவர் வெளியே சாய்ந்து நின்றது. மீரான் வர இரண்டே நாள்.

நான் கடைக்கு ஓடிப்போய்ப் பசை வாங்கி வந்தேன். “ஒட்டிரு. மீரான் பொண்டாட்டி என்ன நோண்டியா பாக்கப் போறா?”

“நாளைக்கு நெச வீடே வாயப் பொளந்தா அதையும் ஒட்டச் சொல்லுவீகளா மயினி?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எப்படியோ போங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் புருஷனும் பெண்டாட்டியும் மொத்தத்தையும் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒரு கம்பெனிக் கல்லின் அடியில் சின்ன மேடு ஒன்று இருப்பதை முத்துசெல்வியின் விரல் கண்டுபிடித்திருந்தது. அதை வைத்துக் கல்லைக் கல்லாகத் தடவிப் பிரித்தாள். ஒரே வகைக் கல் கீழ்த்தளத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது, அதை மட்டும் கட்டி நிறுத்தினார்கள்.

மீரான் வந்ததும் மாடி எங்கே என்றுதான் கேட்டார். இவன் ஒன்றுவிடாமல் சொன்னான். இரண்டு கம்பெனி, தன் கணக்குத் தப்பு, சுவர் சாய்ந்தது, எல்லாம். நான் கண்ணைக் காட்டினேன், அவன் பார்க்கவில்லை. மீரானின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

சஃப்ரின் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து அடுப்படி ஜன்னலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

“இங்கன நின்னா வாசல்ல யாரு வாரான்னு தெரியலையே அண்ணாச்சி.”

இவன் அந்தச் சுவரைப் பெயர்த்து அவள் கையில் கொடுத்தான். அவளே ஜன்னலைத் தள்ளி வைத்து அமுக்கினாள். பிறகு ஸ்டோர் ரூமை மாற்றினாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது மீரான் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பத்து நாளில் மனையில் அந்தத் திருநெல்வேலி இன்ஜினீயரின் பெயர்ப் பலகை நின்றது. மீரான் ஒளியவில்லை, நேரில் வந்தார். “பொம்மக் கல்லுலயே கணக்குத் தப்பிருச்சேன்னு மனசுல விழுந்துட்டு வேல்சாமி. தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்றார். ஆனால் அந்த அடுப்படி அவள் வைத்தபடியே வரவேண்டும் என்று சஃப்ரின் ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அதை மட்டும் நின்று பார்த்துக்கொள்ள வேல்சாமிக்குத் தினக்கூலி.

“சரி பாய்” என்றான்.

அவர் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். கேட்காததை எல்லாம் ஏன் ஒப்பித்தாய், இப்போது பார், உன் வீட்டைப் பார்த்து இன்னொருத்தன் கட்டுகிறான் என்று. முத்துசெல்வி சுளகிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “விடுங்கக்கா. ஏணி ஏறச் சொல்லலைல்லா.”

இப்போது தினமும் மினிபஸ்ஸில் போகிறான். அங்கே கல் வைக்கிறவர்களில் இரண்டு பேர் இவனிடம் வேலை பழகியவர்கள். அடுப்படி நேராக வருகிறது என்று சாயங்காலம் சொல்வான். நேற்று, ஹால் சுவர் எப்படி என்று கேட்டேன்.

“அது என் வேலையில்ல மயினி” என்றான்.

ஒரு சுவரைப் பற்றி அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.