கண்மாயில் தெளித்த தண்ணீர்

புழுதி வேண்டுமென்று யாராவது ஊர் ஊராகத் தேடுவார்களா? நாங்கள் தேடினோம். எண்பதுகளின் கடைசி அது. நான் ராணுவ ஹெலிகாப்டரில் இன்ஜினியர். கடல் தாண்டிப் போகச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அங்கே காய்ந்த வயல்களில் இறங்கி, காயம்பட்டவர்களை ஏற்றி வர வேண்டும். இறங்கும்போது மேலே சுழலும் விசிறியின் காற்றில் புழுதி கிளம்பி, கடைசி ஆளுயரத்தில் பைலட்டுக்குத் தரையே தெரியாமல் போய்விடும். அந்தக் குருட்டு நேரத்தைப் பழகத்தான் புழுதி தேவைப்பட்டது. "புழுதிக்கு எங்க ஊரை விட்டா வேற கதி இல்ல சார்" என்று என்னவோ பெருமைபோலச் சொல்லி, திருச்சுழிப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயைக் காட்டினேன்.

பைலட் வடக்கத்திக்காரன், என் வயதுதான். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுத் தின்பான். வானத்தில் கெட்டிக்காரன், புழுதியில் மட்டும் தடுமாறுவான். அவனுக்காகத்தான் அந்தப் பயிற்சியே.

கதவோரம் குப்புறப் படுத்து, தரை எவ்வளவு தூரம் என்று கத்துவது என் வேலை. முதல் நாள் எனக்கே ஒரு மண்ணும் தெரியவில்லை. ஒரு சக்கரம் மட்டும் தரையில் மோதி, வண்டி சாய்ந்து, எப்படியோ நிமிர்ந்தது. அவன் இறங்கிப் போய்க் கருவேலமரத்தடியில் வாந்தி எடுத்தான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஒரு பெரியம்மா கிட்டே வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு பெத்த பிள்ளையோ, கண்ணு எம்புட்டுச் செவந்து கிடக்கு பாரு" என்றாள்.

மறுநாள் மேலிருந்து பார்த்தால், அடையாளத்துக்கு நாங்கள் விரித்த வெள்ளைத் துணியைச் சுற்றித் தரை கறுத்து ஈரமாக இருந்தது. குடிதண்ணீருக்கே வெகுதூரம் நடக்கிற சனம், மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து கண்மாய்க்குள் கொட்டியிருந்தது. காலிக் குடங்களோடு கரையில் நின்று கையை ஆட்டினார்கள். இவர்களை என்னவென்று திட்டுவது? பொட்டுப் புழுதி கிளம்பவில்லை. அவன் பூப்போல இறக்கினான். கரையில் கைதட்டல்.

உடன் வந்திருந்த மேலதிகாரி, "சரி, இவன் தயார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "இது ஈரத்தரை சார். காயட்டும், நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றேன்.

"நேற்று வண்டி சாய்ந்ததைப் பார்த்தாய் அல்லவா? போன மாதம் பயிற்சியிலேயே ஒரு வண்டியும் ஆட்களும் போனது போதாதா? சண்டைக்கு எனக்கு ஆள் மிச்சம் வேண்டும்."

முந்தின மாதம் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேதி சொன்னவர் அவர்தான். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. எனக்கு இன்றுவரை எரிச்சல் அதில்தான். முட்டாள் என்று திட்டித் தீர்க்கவும் முடியவில்லை. பைலட் அதற்குள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டிருந்தான். அவனுக்கும் அன்று போதும் என்றுதான் இருந்திருக்கும்.

கடல் தாண்டிப் போன கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் காயம்பட்டவர்களை ஏற்றப் போனான். அன்று என் முறை இல்லை. வயலில் இறங்கும்போது புழுதி மூடி, வண்டி கவிழ்ந்து எரிந்ததாகச் சொன்னார்கள். அழுதேன். அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த கோடையில் லீவுக்கு வந்தேன். காரியாபட்டிச் சந்தையில் அந்தப் பெரியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏப்பா, அந்தச் செவத்த தம்பி சொகமா இருக்காகளா?"

"நல்லா இருக்காரு பெரியம்மா" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அடுத்த தடவை வாரதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லி விடுப்பா" என்றாள். "தண்ணி தெளிச்சு வச்சிருவோம்."