ஓசூரில் 'கச்சேரி' என்று சொல்லாதீர்கள்

ஓசூருக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. கிருஷ்ணகிரியில் என் சிநேகிதர்கள் மூன்று பேர் பேண்டு செட் வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வாசகசாலை ஒன்றில் அவர்களுக்குக் கச்சேரி. கல்யாண ஊர்வலங்களில் நடந்துகொண்டே வாசித்து அலுத்தவர்கள் அவர்கள். உட்கார்ந்து கேட்கிற ஜனங்களுக்கு முன்னால் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும் என்பது கிளாரினெட் வாசிக்கும் கரீமின் பல வருஷத்து ஆசை.

முதல் நாளே போய்விட்ட கரீம், காலை பஸ் கண்டக்டரிடம் எனக்குச் சொல்லியனுப்பியிருந்தான்: ரீடு பிளந்துவிட்டது, வீட்டுப் பெட்டியில் இருக்கும் மாற்று ரீடோடு ஐந்து மணிக்குள் வந்து சேர். ரீடு என்பது ஊதுகிற வாயில் கட்டும் சின்ன நாணல் பட்டை. அது இல்லாவிட்டால் கிளாரினெட்டும் அடுப்பு ஊதுகிற குழலும் ஒன்றுதான்.

மத்தியானம் இரண்டு மணி பஸ். முப்பத்திரண்டு மைல், ஒரு ரூபாய் நாலணா. சூளகிரிக்கிட்டே இஞ்சின் கொதித்து அரை மணி நேரம் நின்றது. ஓசூரில் இறங்கும்போது ஐந்துக்குப் பத்து நிமிஷம். சிலுசிலுவென்று பெங்களூர்க் காற்று என்று அந்த ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். அதை அனுபவிக்க எனக்கு ஏது நேரம்?

ஜட்காவில் தாவி ஏறினேன். "கச்சேரிக்குப் போப்பா, சீக்கிரம்!"

"ஆகட்டும் சாமி."

குதிரை நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் பூட்டிய கேட் ஒன்றின் முன்னால் நின்றது. தாலுக்கா ஆபீஸ்!

"கச்சேரி வந்துட்டுதுங்க சாமி."

கேட்டருகே பீடி பிடித்துக்கொண்டிருந்த காவல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம கச்சேரி ஏதுய்யா? மனுவா? நாளைக்கு வா."

"பாட்டுக் கச்சேரிய்யா!"

"இங்க யாரு பாடறது, தாசில்தாரா?"

விசாரித்தால், வாசகசாலை நான் இறங்கிய இடத்துக்குப் பின்சந்திலேயே இருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜட்காக்காரனோ என் மேலேயே பழியைப் போட்டான். "பாட்டுன்னு அப்பவே சொல்ல வேணாமா? எங்களுக்குக் கச்சேரின்னா இதுதான் சாமி." போதாக்குறைக்கு அந்தக் குதிரை திரும்பும் வழியில் புல்லைக் கண்டு நின்றுவிட்டது.

ஐந்தே முக்காலுக்கு உள்ளே நுழைந்தேன். வாசகசாலைக் காரியதரிசி காத்திருக்கவில்லை. "ஆர்மோனியம் இருக்குதே, போதும்" என்று ஆரம்பிக்கச் சொல்லிவிட்டாராம். மற்ற இரண்டு பேரும், நஞ்சப்பன் ஆர்மோனியமும் சின்னராசு தபலாவுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கரீம், கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, இருந்த ஜனம் அத்தனையும் பார்க்கச் சும்மா உட்கார்ந்திருந்தான். பாவி, புதுச் சட்டை வேறு போட்டிருந்தான்.

ரீடைக் கொடுத்தேன். வாயில் வைத்து நனைத்துப் பொருத்தினான். காரியதரிசி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மங்களம் வாசிச்சிருங்க. ஆறு மணிக்கு ஹால்ல சீட்டாட்டம் இருக்குது."

சீட்டாட்டம்! அப்போது என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கரீம் மங்களம் வாசித்தான். அப்படி ஒரு மங்களத்தை நான் கேட்டதில்லை. ஆனால் மங்களம் என்றால் நம் ஜனங்களுக்குப் பள்ளிக்கூடம் விடுகிற மணி அல்லவா? துண்டை உதறிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

காரியதரிசி வந்து கரீமின் தோளைத் தட்டினார். "கடைசியில ஊதுனீங்களே, பிரமாதம்! தை மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். ஊர்வலத்துக்கு நீங்கதான் வரணும்."

"வர்றோங்க" என்றான் கரீம்.

திரும்பும் பஸ்ஸில் சூளகிரி வரைக்கும் நான் திட்டிக்கொண்டே வந்தேன். "விடு மாப்ளே" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எப்படி விடுவது?

ஓசூர் போகிறவர்களுக்கு: கிருஷ்ணகிரிக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு, முன்னாலேயே இடம் பிடியுங்கள். ஜட்காவில் பாட்டுக் கச்சேரி என்று முழுசாகச் சொல்லுங்கள். அந்த வாசகசாலையில் கச்சேரி கேட்க நேர்ந்தால், மங்களம் வாசிக்கும்போது தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள். வாசிக்கிறவன் அப்போதுதான் ஆரம்பித்திருப்பான்.